பால்சுறா

திருவண்ணாமலைக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்பவர், விடியற்காலையில் இவ்வூர் மீன் கடைகளின் பக்கம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள புதுச்சேரிக் கரையிலிருந்தும் கடலூர்க் கரையிலிருந்தும் பனிக்கட்டிப் பெட்டிகளில் அடைபட்டு வரும் மீன்கள், மலையுச்சியில் வெயில் படுமுன்பே இங்கு இறங்கிவிடுகின்றன. அலையோசை எட்டாத இவ்வூரில், கடலையே கண்டிராத பெண்கள்கூட வஞ்சிரத்தையும் சங்கராவையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் நாமும் அங்குச் சென்றோம். நம் மகள் தலைப்பிரசவத்துக்கு வீடு வந்திருந்தாள். குழந்தை பிறந்து பத்து நாள்களாகியும் பால் போதவில்லை. பச்சையுடம்புக்காரிக்குப் பால்சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுத்தால் பால் ஊறும் என்பது நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டுவரும் வைத்தியம். அச்சிறிய சுறாவுக்கு ஆங்கிலத்திலும் 'பால் சுறா' என்றே பெயர். நம் நாட்டு நம்பிக்கையிலிருந்தே அப்பெயர் அங்குச் சென்றது. மனைவியார் சொல்லியனுப்பப் பையுடன் போய் நின்றோம்.

மீன்காரம்மா இரண்டரை அடி நீளமுள்ள ஒன்றை எடுத்து அரிவாள்மணையில் வைத்து வயிற்றைக் கீறினார். உள்ளிருந்து நான்கு குட்டிகள் சரிந்து விழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம் இருக்கும். துடுப்பும் வாலும் கண்ணும் முழுமையாக அமைந்து, தாயை அச்சில் வார்த்தாற்போல் இருந்தன. குட்டிகளைக் கண்டதைவிட நம்மைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. ஒவ்வொரு குட்டியின் மார்புப் பக்கத்திலிருந்தும் மெல்லிய கொடியொன்று புறப்பட்டுத் தாயின் உடலுக்குள் சென்றது. பத்து நாள்களுக்கு முன் மருத்துவமனையில் நம் பேரனின் வயிற்றில் கட்டிவைத்திருந்த கொப்பூழ்க்கொடியின் நுனியை நாம் கண்டிருந்தோம். இதுவும் அதுவே.

"சினைச்சுறா சார். குட்டியும் நல்லாத்தான் இருக்கும். சேத்துப் போட்டுடட்டா?" என்று கேட்டார் அவர். அவர் குரலில் கொடுமை ஏதும் இல்லை. வாங்க வந்தவருக்குக் கூடுதலாகக் கிடைத்ததைக் கொடுக்கும் நல்ல மனமே இருந்தது. நாம் குட்டிகள் வேண்டாம் என்றோம். தாயை மட்டும் வாங்கிக்கொண்டோம். அவ்வாறு பிரித்துச் சொன்னதில் என்ன பொருள் இருந்தது என்பது வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நமக்கே விளங்கவில்லை.

மனைவியார் அதை வேகவைத்து, மணல்போல் சொரசொரப்பான தோலைச் சுரண்டி நீக்கி, வெண்ணிறச் சதையைக் கையால் உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகும் கூட்டிப் புட்டாக்கினார். மகள் சுவைத்துச் சாப்பிட்டாள். எதுவும் கேட்கவில்லை, நாமும் எதுவும் சொல்லவில்லை. பால் ஊறிற்றா என்று வாசகர் கேட்கலாம். ஊறிற்று. பூண்டும் குழந்தை மார்பு பழகியதும் அதற்குக் காரணமாயிருக்கலாம், சுறாவும் இருக்கலாம்.

அன்று தொட்டு ஒரு கேள்வி நம்மை விடவில்லை. சுறா என்றாலே கொடியது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். பணத்தைச் சுரண்டுபவனையும் ஏழையின் நிலத்தை விழுங்குபவனையும் சுறா என்று ஏசுகிறோம். அந்தக் கொடியதன் வயிற்றில் கொப்பூழ்க்கொடியைக் கண்டால் என்ன செய்வது?

சுறாவின் உடலைப் பற்றி அறிஞர் கூறுவனவற்றைப் பிறகு தேடிப் படித்தோம். அதன் உடலில் எலும்பே இல்லை. நம் காதுமடலில் உள்ளது போன்ற குருத்தெலும்பாலேயே முழு உடலும் தாங்கப்படுகிறது. மற்ற மீன்களுக்கு உள்ள காற்றுப் பை அதற்கு இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் அது அமிழ்ந்துபோகாமல் மிதக்கத் துணை செய்கிறது. சில இனங்கள் நீந்துவதை நிறுத்தினால் செவுள்வழி நீர் ஓடாது, மூச்சு நின்றுவிடும். ஆகையால் அவற்றுக்கு ஓய்வென்பது ஓடிக்கொண்டே இருப்பதுதான். பல் விழுந்தால் பின்வரிசைப் பல் முன்வந்து நிற்கும். இது வாழ்நாள் முழுவதும் நடக்கும். மூக்கின் அடியிலும் தலையைச் சுற்றியும் நுண்துளைகள் உள்ளன. 1678இல் லொரென்சினி என்னும் இத்தாலிய மருத்துவர் அவற்றை விவரித்தார். அவை எதற்கென்பது அவர் காலத்தில் விளங்கவில்லை. பிற உயிரின் தசை அசையும்போது எழும் மிக மெல்லிய மின்துடிப்பை உணர்வதற்கே அவை என்று இருபதாம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. மணலுக்குள் மூச்சடக்கிப் பதுங்கியிருக்கும் மீனையும் அதன் இதயத்துடிப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கடல்நீரின் உப்பு தன் உடல்நீரை உறிஞ்சிவிடாதபடி சுறா தன் இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. இறந்தபின் அதுவே நாற்றமாக மாறுகிறது. நம் வீட்டுப் பெண்கள் சுறாவை மஞ்சளிட்டு மும்முறை அலசுவதன் காரணம் இதுதான். இந்த அமைப்போடு இந்த இனம் நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் கடலில் திரிகிறது.

இவ்வளவும் கொல்வதற்கென்றே அமைந்த உடல் போலத் தோன்றும். கொடுமையை இன்னும் ஆழத்தில் காட்டும் செய்தியும் உண்டு. மணற்புலிச் சுறா என்று ஓர் இனம். தாயின் இரு கருப்பைகளிலும் பல குட்டிகள் உருவாகின்றன. முதலில் வளர்ந்து பல் முளைத்த குட்டி மற்றக் குட்டிகளை உள்ளேயே தின்றுவிடுகிறது. பின்பு தாய் ஈனும் முட்டைகளையும் தின்று வளர்கிறது. முடிவில் கருப்பைக்கு ஒன்றாக இரண்டே குட்டிகள், ஏறத்தாழ மூன்றடி நீளத்துடன் வெளிவருகின்றன. 1948இல் இதை எழுதி வெளிப்படுத்திய ஸ்பிரிங்கர் என்னும் அமெரிக்கர், தாய்ச்சுறாவின் கருப்பைக்குள் கைவிட்டபோது பிறவாத குட்டியிடமே கடிபட்டாராம்.

காயீன் ஆபேலைக் கொன்றது வயல்வெளியில். இங்கோ கருவறையே கொலைக்களம். இதைப் பாவம் என்போமா? புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலில், பேச்சு வராத பச்சிளங் குழந்தையொன்று தன்னோடு அதே மார்பில் பால் குடிக்கும் மற்றொரு குழந்தையைப் பொறாமையால் முகம் வெளிறப் பார்த்ததைக் குறிப்பிட்டு, குழந்தையின் உறுப்புகள் மாசற்றவையே ஒழிய உள்ளம் அப்படியன்று என்று எண்ணுகிறார். அவர் மணற்புலிச் சுறாவைப் பற்றி அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினார் இதற்கு நேரான கேள்வியையே எடுத்துக்கொண்டார். மனிதன் பாவம் செய்ததால்தான் விலங்குகள் ஒன்றையொன்று கொல்லத் தொடங்கின என்று சிலர் கூறியதை அவர் ஏற்கவில்லை. மனிதனின் பாவம் விலங்கின் இயல்பை மாற்றிவிடவில்லை. சிங்கமும் பருந்தும் முதற்கொண்டே இறைச்சி தின்றன என்றார். அதாவது, கொன்று தின்னும் பல்லும் படைப்பின் ஐந்தாம் நாளில் நல்லது எனக் கண்டவற்றுள் அடங்கும். தவிர்க்கக்கூடியவனுக்கே குற்றம் உண்டு. மணற்புலிக் குட்டியால் தவிர்க்க இயலாது. பையோடு கடைமுன் நின்ற நம்மால் இயலும்.

அச்சம்தான் சுறாவைக் கொடியதாக்கிற்று என்று தோன்றுகிறது. 1974இல் பீட்டர் பெஞ்ச்லி எழுதிய புதினமும் அடுத்த ஆண்டில் அதிலிருந்து எடுத்த திரைப்படமும் உலகமெங்கும் அந்த அச்சத்தை விதைத்தன. பின்னாளில் அவரே அதற்காக வருந்திச் சுறாக்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டார். சீண்டாமலே மனிதரைச் சுறா கடித்த நிகழ்ச்சிகள் உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு அறுபது எழுபது அளவில் பதிவாகின்றன. இறப்பவர் ஏறத்தாழப் பத்துப் பேருக்குள். மனிதர் கொல்லும் சுறாக்களோ ஆண்டுக்குப் பத்துக் கோடி அளவில் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

நம் கடலோரத்து முன்னோர் இந்த அச்சத்தை வேறு வகையில் கையாண்டனர். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், மூழ்குவோரைச் சுறா தீண்டாதபடி மந்திரத்தால் அதன் வாயைக் கட்டுபவர்கள் இருந்தனர். கடல்கட்டி என்பது அவர்கள் பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குச் சேரும் என்றும், அக்கட்டு பகலில் மட்டுமே நிற்கும், இரவில் அதை அவிழ்த்துவிடுவர் என்றும் எழுதியுள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் பணியாற்றிய டென்னன்ட் என்னும் அதிகாரி, அக்காலத்துக் கடல்கட்டித் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்பதை வியப்போடு குறித்திருக்கிறார்! தலைவர் நோயுற்றிருந்ததால் மாற்றாள் ஒருவர் வந்திருந்தாராம். தமக்கு மந்திரம் தெரியாது என்றும், ஆனால் தலைவரின் சார்பாளர் என்ற அளவில் சுறாக்கள் தம்மை மதிக்கும் என்றும் அவர் உறுதியளித்தாராம். மறைக்கல்வி ஆசிரியர்கள் முகம் சுளிக்கலாம். நமக்கு அக்கதையில் பிடித்தது இரவில் கட்டு அவிழ்க்கப்படுவது. மூழ்குவோர் கரையேறிய பின் கடல் மீண்டும் சுறாவுக்கே உரியதாகிவிடுகிறது.

அதற்கும் மிக முற்பட்ட காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அவர்கள் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாமல், கருவுற்ற சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதில் தம் தெய்வத்தை ஏற்றி வழிபட்டனர். கொம்புடைய அது இன்று வேளா என்று மீனவர் சொல்லும் இனமாகலாம். நம் ஊரிலும் முழுநிலா நாளில் மலையைச் சுற்ற மக்கள் திரள்கின்றனர். அன்று மீன் கடைகளில் கூட்டம் குறைவு. கொல்வதற்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்த அப்பரதவர், ஆண்சுறாவின் கொம்பை நடாமல் சினைச்சுறாவின் கொம்பை நட்டது ஏன்? அவர்களும் வயிற்றைக் கீறியபோது நாம் கண்டதையே கண்டிருப்பர் போலும்.

சுறாவின் கருப்பையைப் பற்றி மேனாட்டிலும் நெடுங்கதை உண்டு. சில சுறாக்கள் பாலூட்டிகளைப் போலவே நஞ்சுக்கொடியால் குட்டியை வளர்க்கின்றன என்று இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில் எழுதினார். அதை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. ஜெர்மானிய அறிஞர் யோகான்னஸ் முல்லர் 1842இல் வெளியிட்ட ஆய்வுதான் அவர் சொன்னது மெய் என்று நிறுவியது. பால்சுறாவும் அவ்வகையே. ஏறத்தாழ ஓராண்டு சுமந்து, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகளையே ஈனும். ஒரே பருவத்தில் இலட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்களோடு இதை ஒப்பிட்டால், சுறாக்கள் ஏன் விரைவில் அருகிப் போகின்றன என்பது விளங்கும். பெருங்கடலில் திரியும் சுறாக்களும் திருக்கைகளும் 1970க்குப் பின் ஏறத்தாழ 71 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

அதே முல்லரும் அவர் மாணவர் ஹென்லேயும் 1839இல் வெளியிட்ட நூலில்தான் 'புதுச்சேரிச் சுறா' முதன்முதலாக உலகுக்கு அறிமுகமாயிற்று. புதுச்சேரிக் கடலில் கிடைத்தது, ஆகவே அப்பெயர். நம் மலைக்கு மிக அருகிலுள்ள கடலின் பெயரைத் தாங்கிய அச்சுறாவுக்கு, அறிஞர் ஐயமின்றி ஏற்ற கடைசிப் பதிவு 1979ஆம் ஆண்டினது. அருங்காட்சியகங்களில் ஏறத்தாழ இருபது உடல்கள் கண்ணாடிக் குடுவைகளில் உள்ளன. 2001இல் வனவிலங்குச் சட்டத்தின் உயர்ந்த பாதுகாப்பு அதற்கு வழங்கப்பட்டது. காணாமற்போனவனுக்குக் கதவைத் திறந்துவைத்த கதைதான்.

அச்சட்டம் வந்த விதத்தையும் சொல்லவேண்டும். 2001 ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் பிடிக்கத் தடை வந்தது. மீனவர் எதிர்ப்பால் அவ்வாண்டின் இறுதியிலேயே அது பத்து இனங்களுக்குக் குறுக்கப்பட்டது. 2015இல் சுறாத்துடுப்பு ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மக்கள் சுறாவேட்டையில் பெயர்பெற்றவர்கள். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி, ஆயிரம் தூண்டிலிட்டு, குஜராத்துக் கடல்வரை செல்பவர்கள். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் அவர்கள் எத்தனை பேரைக் கடலுக்குக் கொடுத்தனர் என்பதைத் தமிழகம் மறந்திராது. தென்னைநார்க் கட்டிலில் சாய்ந்தபடி சுறாவுக்காக இரங்கும் உரிமை நமக்கு எளிதில் வாய்த்தது. உயிரைப் பணயம் வைத்துத் தூண்டிலிடுபவரிடம் போய் அந்த இரக்கத்தை விலையின்றிக் கேட்பது நேர்மையாகாது.

குஜராத்தில் அப்படி ஒருமுறை கேட்டார்கள். ஆனால் கேட்ட விதம் வேறு. நம் மீனவர் அம்மணி உழுவை என்றழைக்கும் திமிங்கலச் சுறாவை அக்கரையில் ஈரல் எண்ணெய்க்காகப் பெருமளவில் கொன்றுவந்தனர். 2004இல் இராமாயண உரையாளர் மொராரி பாபு அம்மீனவரிடம் பேசினார். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகளைப் போல இந்தச் சுறா உங்கள் கரைக்கு வருகிறாள். அவளையா கொல்வீர்கள் என்று கேட்டார். அதன்பின் வலையில் சிக்கியவற்றை மீனவரே வலையை அறுத்து விடுவிக்கலாயினர். அறுபட்ட வலைக்கு இழப்பீடும் கிடைத்தது. இழப்பீடு இருந்ததையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். நூற்றுக்கணக்கான சுறாக்கள் அவ்வாறு கடலுக்குத் திரும்பின.

தாய்வீடு வந்த மகள்! இச்செய்தியைப் படித்த அன்று நாம் நெடுநேரம் நாளிதழை மடிக்காமலே வைத்திருந்தோம்.

இவ்வூரில் இரமணாசிரமத்துக்குச் சென்றவர்கள், 1948இல் இறந்த இலட்சுமி என்னும் பசுவின் சமாதியைக் கண்டிருப்பர். அருகே மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும்கூட உண்டு. பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனியும். ஆயினும் பசு நம்மைத் திரும்பிப் பார்க்கும் கண்ணுடையது. நாய் நம் காலடியில் கிடப்பது. சுறாவின் கண்ணிலிருந்து நமக்கு எதுவும் திரும்பி வருவதில்லை. ஈன்ற குட்டியைக்கூட அது திரும்பிப் பார்ப்பதில்லை. பிறந்த நொடி முதல் குட்டி தன்வழி செல்லும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில், பிற உயிர்களுக்கு நம் பயன்பாட்டைத் தாண்டித் தமக்கென்றே ஒரு மதிப்பு உண்டு என்றார். பசுவைப் பார்த்தபடி அதை ஏற்றுக்கொள்வது எளிது.

மற்றொன்றையும் படித்தறிந்தோம். பிற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் மீன்களின் சதையில் பாதரசம் சேர்கிறது. நிலக்கரி எரிப்பதாலும் ஆலைக்கழிவாலும் நாம் கடலில் சேர்ப்பது, சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு ஏறி ஏறிச் செறிவாகிறது. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் பெண்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அறிவுறுத்துகிறது. பால்சுறா சிறியதாகையால் பெருஞ்சுறாவின் அளவு அதில் இருப்பதில்லை. ஆயினும் பேரனுக்கென்று ஆசையோடு வாங்கிச் சென்ற பையை நினைத்துக்கொண்டோம்.

சென்ற ஆண்டு மகள் இரண்டாம் பேற்றுக்கு வந்தாள். இம்முறை பெண்குழந்தை. மனைவியார் வழக்கம்போல் பையை எடுத்துக் கொடுத்தார். நாம் முருங்கைக்கீரையும் பூண்டும் வாங்கி வந்தோம். "சுறா கிடைக்கலையாப்பா?" என்றாள் மகள். கிடைத்தது என்றோம். பிறகு, முதற்பேற்றின்போது மறைத்ததை அவளிடம் சொன்னோம். நான்கு குட்டிகளையும், கொடியையும், பாதரசத்தையும்.

அவள் கையிலிருந்த குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள். சற்று நேரம் கழித்து, "சொல்லியிருந்தாலும் சாப்பிட்டிருப்பேன். அவனுக்குப் பாலே இல்லாம இருந்துதே" என்றாள்.

குழந்தை அழத் தொடங்கியது. அவள் எழுந்து உள்ளே போனாள்.